மூக்கில்லாமல் குடித்த பரோலோ

சிட்னி விமான நிலையத்தில் வாங்கிய முதல் காபி எனக்கு வெந்நீராக இருந்தது. சுட்டது, கசந்தது, ஆனால் அது காபி இல்லை. மூடியைக் கழற்றி மூக்கைக் கோப்பைக்குள் விட்டேன். ஆவி முகத்தில் பட்டது, அவ்வளவுதான். கிளம்புவதற்கு முந்தின வாரம் மூன்று நாள் காய்ச்சல் அடித்து விட்டிருந்தது. சளியும் போய்விட்டது. மூக்கு திறந்திருந்தது, காற்று தாராளமாகப் போய் வந்தது. காய்ச்சலோடு போன மணம் மட்டும் திரும்பி வரவில்லை.

வேறு யாருக்காவது என்றால் இது சின்ன விஷயம். நான் ஆஸ்திரேலியாவுக்கு வந்ததே முகர்வதற்காகத்தான்.

சென்னையில் ஒரு ஹோட்டலில் உணவகத் துணை மேலாளராக இருந்தேன். 2011இல் அங்கே ஓர் இத்தாலிய உணவகம் திறப்பதாக முடிவானது. அதன் பொறுப்பை எனக்குக் கொடுக்க எங்கள் பொது மேலாளர், ஜி.எம்., நினைத்தார். மேலிடத்தில் சிலர் ஒரு பெண் மேசைக்கு மேசை வைன் ஊற்றுவதா என்று முகத்தைச் சுளித்தார்கள். "ஒரு சர்டிஃபிகேட்டோட வா மீனா. அப்புறம் எவனும் வாயைத் திறக்க மாட்டான்" என்று ஜி.எம். அனுப்பி வைத்தார். இத்தாலியச் சிவப்பு வைன்களைப் பற்றிய எட்டு நாள் பயிற்சி. வகுப்புகள் சிட்னியில், தேர்வு மெல்பர்னில். என் மாமியாரைப் பொறுத்தவரை நான் கேக் செய்யக் கற்றுக்கொள்ளப் போயிருந்தேன்.

தங்கியது சிட்னியின் புறநகரான நார்த்மீட்டில், வதனி அக்காவின் வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர். முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். பல்கலைக்கழகம் போகும் மகளோடு இருக்கிறார், மேலறையை வாடகைக்கு விடுகிறார். வாசலிலேயே என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வாங்கோ, களைச்சுப் போய் வந்திருப்பியள். குசினியிலை இடியப்பம் கிடக்கு, சாப்பிட்டுட்டுப் படுங்கோ" என்றார். சாப்பிட்டேன். உப்பு தெரிந்தது, உறைப்பு தெரிந்தது, தேங்காய்ப்பால் வழுவழுத்தது. என்ன குழம்பு என்று தெரியவில்லை. "நல்லா இருக்கு அக்கா" என்றேன். ஆஸ்திரேலியாவில் நான் சொன்ன முதல் பொய் அது.

மறுநாள் வகுப்பு. நகரத்தின் நடுவில் ஆறாம் மாடி, பதினான்கு பேர், ஒவ்வொருவர் முன்னாலும் ஆறு கோப்பைகளும் துப்புவதற்கு ஒரு கருப்பு வாளியும். கோட்டு சூட்டுப் போட்டவர்கள் வரிசையாகக் குனிந்து துப்புவதைப் பார்த்தபோது, நம் ஊர்ப் பேருந்து ஜன்னலில் வெற்றிலை துப்புகிறவர்களை நாம் ரொம்பத் திட்டிவிட்டோமோ என்று தோன்றியது. சிரிப்பு வரவேண்டிய இடம். நான் என் ஆறு கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆசிரியை கேத்தரின் ஐம்பதை ஒட்டிய வயது, கறாரான பேச்சு. அன்று பரோலோ ஊற்றினார். இத்தாலியின் வடமேற்கு மலைச்சரிவில் நெபியோலோ என்ற திராட்சையிலிருந்து செய்வது. பழைய முறைக்காரர்கள் அதை ஆளுயரப் பழைய மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் போட்டு வைப்பார்கள். புது மரத்தின் வாசனை ஏறக்கூடாது, திராட்சையின் குணம் மட்டுமே நிற்கவேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். அதில் காய்ந்த ரோஜாவும் சாலையில் ஊற்றும் தாரும் சேர்ந்து மணக்கும் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். ரோஜாவும் தாரும்! பத்து வருடமாக அந்தக் கோப்பைக்காகக் காத்திருந்தவள் நான். சென்னையில் அதை இறக்குமதி செய்தால் குடிக்க ஆள் வராது என்று யாரும் வாங்கவில்லை.

கோப்பையைச் சுழற்றி முகர்ந்தேன். கண்ணாடியின் குளிர்ச்சி மூக்கு நுனியில் பட்டது.

"மீனா, உங்களுக்கு என்ன மணக்கிறது?" என்று கேத்தரின் என்னைத்தான் கேட்டார்.

பக்கத்தில் இருந்த கொரியப் பெண்ணின் நோட்டுக்குக் கண் தானாகப் போனது. "செர்ரி. காய்ந்த ரோஜா. கொஞ்சம் தார்" என்றேன்.

"அருமை" என்றார் கேத்தரின். கொரியப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்று மாலை ரயிலில் நார்த்மீட் பக்கம் திரும்பும்போது, எதிர் இருக்கைக்காரர் வறுத்த கோழியைப் பிரித்தார். பெட்டியில் பாதிப் பேர் அவரைப் பார்த்தார்கள். மணத்தால்தான் பார்க்கிறார்கள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

மூன்றாம் நாள் வகுப்பு இல்லை, வீட்டில் படிக்கவேண்டும். வதனி அக்கா காலை வேலைக்குப் போயிருந்தார், மகள் மேலே தூங்கிக்கொண்டிருந்தாள். அக்காவின் குசினியில், அதாவது சமையலறையில், மேசை மேல் குறிப்புகளைப் பரப்பிவிட்டு, டீக்காகப் பழைய காஸ் அடுப்பில் பால் வைத்தேன். என் முதுகு அடுப்பின் பக்கம். எந்த ஊர் வைன் எந்தத் திராட்சை என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்தது எனக்குத் தெரியாது. தலை லேசாக வலித்தது, படித்த களைப்பு என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

கதவு திறந்த சத்தத்தோடு அலறலும் கேட்டது. "மீனா! காஸ்! எழும்பி வெளியிலை வாங்கோ, கெதியா!"

வதனி அக்கா அடுப்பை மூடி, ஜன்னல்களைத் தள்ளித் திறந்து, மாடிக்கு ஓடி மகளை இழுத்துக்கொண்டு வந்தார். மூவரும் முன்புறப் புல்லில் உட்கார்ந்தோம். அந்தப் பெண் இரவு உடையில், "என்ன அம்மா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். நான் குறிப்புத் தாளை இன்னும் கையில் பிடித்திருந்தேன்.

"வாசலிலேயே மூக்கைப் பிச்சுக்கொண்டு போகுது. உங்களுக்கு மணக்கேல்லையோ?" என்றார் அக்கா.

நான் அழுதுவிட்டேன்.

"எத்தினை நாளா இப்பிடி?"

"காய்ச்சல் வந்ததுல இருந்து. ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு அக்கா."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா திருப்பி அனுப்பிருவாங்கன்னு பயம்."

"ஆர் அனுப்புறது? நானோ?" அவர் கொஞ்ச நேரம் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பயம் எண்டால் எனக்கு விளங்கும் மீனா. ஆனால் இந்த வீட்டிலை ஒரு பிள்ளை நித்திரை கொண்டவள்."

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அன்றே தனக்குத் தெரிந்த டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், காய்ச்சலின் வைரஸ் மணம் அறியும் நரம்பைத் தாக்கியிருக்கலாம் என்றார். எப்போது சரியாகும் என்று கேட்டேன். "சில வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம். சிலருக்கு வராமலும் போகலாம்." மாத்திரை ஏதும் எழுதவில்லை. மாத்திரை எழுதாத டாக்டரைக் கண்டால் எனக்கு எப்போதுமே பயம்.

காரில் திரும்பும்போது அக்கா சொன்னார்: "நான் ஊரிலை வேலை செய்த ஆஸ்பத்திரியளிலை, சண்டை நேரத்திலை, இந்த மூக்கு இல்லாட்டி நல்லம் எண்டு எத்தினையோ நாள் நினைச்சனான். நீங்கள் அது வேணுமெண்டு அழுறியள்." குற்றம் சொல்கிற குரல் இல்லை. அதிசயப்படுகிற குரல்.

நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் மற்ற வகுப்புகள். வாயை மூடிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பயிற்சிக்கென்று சிறு புட்டிகளில் ஆறு வகை வைன் கொடுத்தனுப்பினார்கள். வீட்டில் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தேன். அக்கா பால் இல்லாத தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், பிளேன்டீ. எனக்குப் பால் டீ. ஒரே தேயிலை, ஒரே கொதி. ஏதோ தோன்ற, அவருடையதில் ஒரு வாய் கேட்டு வாங்கிக் குடித்தேன். ஈறு இறுகியது, நாக்கு உலர்ந்தது. என்னுடையதைக் குடித்தேன். ஈறைப் பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது.

துவர்ப்பு! மூக்கு போனாலும் துவர்ப்பு போகவில்லை. புளிப்பு, கசப்பு, சூடு, கனம் எல்லாம் வாயில்தான் இருந்தன. இத்தாலியச் சிவப்பு வைன்களின் உயிரே புளிப்பும் துவர்ப்பும்தான் என்று கேத்தரின் முதல் நாளே சொல்லியிருந்தார். பயத்தில் காதில் விழவில்லை.

"அக்கா, எனக்கு ஒரு உதவி செய்வீங்களா? பேரைக் காட்டாம ஊத்திக் குடுக்கணும்."

அவர் வீட்டில் அதுவரை மது நுழைந்ததில்லை. சற்று யோசித்தார். பிறகு, நோயாளிகளுக்கு மருந்து அளக்கும் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணங்களை எடுத்து வந்தார். அடியில் ஒன்று, இரண்டு என்று எழுதினார். "கதிரையைத் திருப்பிப் போட்டு இருங்கோ, எட்டிப் பாக்கக் கூடாது" என்று நர்ஸ் குரலில் உத்தரவிட்டார். மகள் வந்து எட்டிப் பார்த்து, "அம்மா, பார் நடத்துறீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுப் போனாள்.

பார்பேரா என்ற வைனில் நெல்லிக்காய்ப் புளிப்பு, எச்சில் ஊறியது, ஆனால் ஈறைப் பிடிக்கவில்லை. நெபியோலோ பார்க்க நீர்த்த நிறம், சாதுபோல இருக்கும். வாயில் விட்டதும் பாக்கை மென்றதுபோல் கன்னத்தை உள்ளே இழுத்தது. கியாந்தியில் புளிப்பும் துவர்ப்பும் சரிபாதி. அமரோனே, திராட்சையை மாதக்கணக்கில் உலர்த்திச் செய்வது, தொண்டையில் சூடாக இறங்கிக் கடைசியில் ஒரு கசப்பை விட்டுப் போனது. ஆறில் மூன்று சரியாகச் சொன்னேன். அடுத்த சுற்றில் நான்கு. அக்கா கையில் இருந்த தாளில் சரி போட்டபடி, "பாஸ் மார்க் எத்தினை?" என்று கேட்டார். மதிப்பெண்ணில் பாதி மணத்துக்கு என்பதை நான் சொல்லவில்லை.

ஆறாம் நாள் காலை ரயிலில் மெல்பர்னுக்குக் கிளம்பினேன். "போட்டு வாறன் எண்டு சொல்லிப் போங்கோ" என்றார் அக்கா. போயிட்டு வரேன் என்று சொன்னேன்.

மதியத்துக்கு முன் ரயில் ஒரு சின்ன ஊரில் நின்றது. முன்னால் தண்டவாளத்தில் மரம் விழுந்திருக்கிறதாம், பஸ் வரும், காத்திருங்கள் என்றார்கள். எல்லோரும் நடைமேடையில் இறங்கினோம். சுற்றிலும் காய்ந்த புல்வெளி, நாலைந்து மாடுகள், அதற்குமேல் வானம். நம் ஊராக இருந்தால் இந்நேரம் சுண்டல் வந்திருக்கும். இங்கே ஒரு கடைகூட இல்லை. மறுநாள் காலை தேர்வு. நேரத்துக்குப் போய்ச் சேருவேனா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தேன்.

நான் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் பியெத்ரோ, நாற்பது வயதிருக்கும், கான்கிரீட் போடும் வேலை. அப்பா அம்மா இத்தாலியிலிருந்து வந்தவர்கள், இவர் மெல்பர்ன்காரர். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டுவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். "வைனுக்குப் பரீட்சையா? எங்கப்பா கராஜில் வருஷா வருஷம் செய்கிறார். அவருக்குத் தெரிந்தால் அழுதுவிடுவார்." தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். ரொட்டி, கொழுப்புப் புள்ளி போட்ட சலாமி என்ற பன்றியிறைச்சித் துண்டுகள். எலுமிச்சைச் சோடா புட்டி ஒன்றில் அப்பா செய்த வைன். எனக்கும் கொஞ்சம் ஊற்றினார்.

குடித்தேன். வாய் வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்ததுபோல் ஆகிவிட்டது. என் முகத்தைப் பார்த்து, "எனக்கும் பிடிக்காது, நான் பீர் ஆள்" என்றார். "ஆனால் இதைத் தின்றுவிட்டுக் குடியுங்கள். தனியாகக் குடித்தால் அம்மா கையைத் தட்டிவிடுவார்." சலாமியைத் தின்றுவிட்டு மறுபடி குடித்தேன். நாக்கில் படிந்திருந்த கொழுப்பை அந்தத் துவர்ப்பு துடைத்துக்கொண்டு போனது. வாய் சுத்தமாகி அடுத்த கவளம் கேட்டது.

பத்து வருடமாக இந்த வேலையில் இருந்தும் அந்த நடைமேடையில்தான் அது எனக்கு உறைத்தது. நம் பக்கத்தில் ஆண்கள் முதலில் குடித்துத் தீர்த்துவிட்டுப் பிறகு சாப்பாட்டுக்கு வருகிறார்கள். தனியாகக் குடிக்க வழவழப்பான, பழச்சாறு போன்ற வைன்தான் அவர்களுக்குச் சரிப்படும். நானும் அதையே பரிந்துரைத்துக்கொண்டிருந்தேன். இத்தாலிய வைனை அப்படிக் குடிப்பது ஊறுகாயைத் தனியாகத் தின்பதற்குச் சமம். அது தட்டுக்குப் பக்கத்தில் இருக்கப் பிறந்தது. யாராவது "முரடு" என்று திருப்பி அனுப்பினால் நான் என்ன சொல்லவேண்டும் என்று இப்போது தெரிந்தது. சொல்லும் வேலை கிடைக்குமா என்பதுதான் தெரியவில்லை.

பஸ் வந்தது. இருட்டிய பிறகே மெல்பர்ன். மலிவு என்று மெல்பர்னின் புறநகரான டண்டினொங்கில் அறை எடுத்திருந்தேன். ரயிலடிக்கு அருகில் கொழும்புக்கார முஸ்லிம் குடும்பம் நடத்தும் சாப்பாட்டுக் கடை. முதலாளி தட்டை வைத்துவிட்டு, "புரியாணி மணம் எப்படி, தங்கச்சி? ரோட்டிலயே வருதெண்டு சொல்றாங்க" என்றார். "ஆமா பாய், அங்கயே வந்துச்சு" என்றேன். அவர் மகிழ்ந்து போனார். பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லாத இடத்திலும் இவ்வளவு சுலபமாக வருகிறதே.

தேர்வு அறையில் முதலில் ஐந்து கோப்பைகள். தாளில் இரண்டு பத்தி: முகர்ந்தது, சுவைத்தது. முகர்ந்தது என்ற இடத்தில் புத்தகத்திலிருந்து எதையாவது எழுதி நிரப்பிவிடலாம். பேனா முனை அங்கேயே நின்றது. பிறகு அந்தப் பத்தியைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். நிறம் பார்த்தேன், ஈறைக் கேட்டேன், தொண்டையைக் கேட்டேன். இரண்டாவது கோப்பை வாயைச் சுருக்கியபோது அது நெபியோலோ என்று எந்தச் சந்தேகமும் இல்லை. ஐந்தாவதில் மட்டும் தடுமாறினேன்.

அடுத்தது பரிமாறும் தேர்வு. மேசையில் விருந்தினர்களாக மூன்று பரிசோதகர்கள், நடுவில் கேத்தரின். புட்டியைத் திறக்கவேண்டும், சிறிது ஊற்றி முகர்ந்து, கெடாமல் இருக்கிறதா என்று உறுதி செய்து, பிறகு பரிமாறவேண்டும். தக்கை கெட்டிருந்தால் வைனில் ஈர அட்டைப்பெட்டி நாற்றம் ஏறிவிடும். விருந்தினர் வாய்க்குப் போகும்முன் அதைப் பிடிக்கவேண்டியது திறப்பவரின் கடமை.

தக்கை நன்றாக வந்தது. ஒரு வாய் ஊற்றினேன். கோப்பையைத் தூக்கி, ஒரு நொடி நின்று, தலையை ஆட்டிவிட்டு ஊற்றினால் முடிந்தது. பத்தில் ஒன்பது புட்டி நன்றாகத்தான் இருக்கும். மூவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் குசினி ஞாபகம் வந்தது. பக்கத்தில் இருப்பது என்னவென்றே தெரியாமல் முதுகைக் காட்டிக்கொண்டு படித்தவளின் ஞாபகம்.

கோப்பையைக் கீழே வைத்தேன். "மன்னிக்கவேண்டும். இரண்டு வாரமாக எனக்கு மணம் தெரியவில்லை. முதல் நாள் வகுப்பில் நான் சொன்னதும் என்னுடையது இல்லை, பக்கத்தில் பார்த்துச் சொன்னது. இந்தப் புட்டி நல்லதா என்று என்னால் சொல்ல முடியாது. உங்களில் ஒருவர் முகர்ந்து பார்ப்பீர்களா?"

இடப்பக்கம் இருந்தவர் கேத்தரினைப் பார்த்தார். கேத்தரின் கையை நீட்டிக் கோப்பையை வாங்கி முகர்ந்தார். அவர் முகம் சுருங்கியது.

"கெட்டுவிட்டது" என்றார். "வேண்டுமென்றே வைத்தோம்."

"அப்படியானால் மாற்றுகிறேன், மேடம்" என்று என் குரல் சொல்வது கேட்டது. இரண்டாவது புட்டியைத் திறந்தேன். அதையும் அவரிடமே நீட்டினேன். அவர் தலையசைத்த பிறகு மூவருக்கும் ஊற்றினேன். ஒரு சொட்டு மேசைவிரிப்பில் விழுந்தது.

மாலையில் கேத்தரின் தனியாக அழைத்தார். "உங்களுக்குச் சான்றிதழ் தர முடியாது. முகராமல் ஒருவர் பாஸ் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்." புரிகிறது என்றேன். "ஐந்தில் நான்கை வாயாலேயே பிடித்திருக்கிறீர்கள். மூக்கு வந்தால் ஓராண்டுக்குள் திரும்ப எழுதுங்கள். வகுப்பில் செய்ததை மட்டும் இனிச் செய்யாதீர்கள்." கை கொடுத்தார். கண்டிப்பு கொஞ்சமும் குறையாத கை.

அறைக்குத் திரும்பியதும் ஜி.எம்.முக்குப் போன் செய்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "வந்து சேரு. பேசிக்கலாம்" என்றார். திரும்பும் விமானத்தில் அந்த மூன்று வார்த்தைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

உணவகம் திறந்தது. பொறுப்பு என்னோடு வேலை பார்த்த செல்வத்துக்குப் போனது. வைன் பட்டியலை எழுதும் வேலையையும், எந்த வைனை எந்தத் தட்டோடு கொடுப்பது என்று ஊழியர்களுக்குச் சொல்லும் வேலையையும் எனக்கு விட்டு வைத்தார்கள். புட்டி திறக்கும்போதெல்லாம் செல்வம் முகர்ந்தார், நான் சுவைத்தேன். இருவரும் சேர்ந்து ஒரு முழு ஆளாக ஓட்டினோம். வதனி அக்கா வாரம் ஒருமுறை போனில் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஏதும் மணக்குதோ?" இல்லை என்பேன். "சரி, பாப்பம்" என்பார்.

ஊர் திரும்பிய பதினோராவது வாரம் ஒரு காலை, வேலைக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். கூவம் பாலத்தின் மேல் நெரிசல், வண்டி அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து ஸ்கூட்டரில் இருந்தவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். எனக்கும் ஏதோ முகத்துக்கு நேராக வந்து மோதியது. முதலில் என்னவென்றே புரியவில்லை. பிறகு தலையை வெளியே நீட்டி, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன். இன்னொன்று இழுத்தேன். கண்ணில் நீர் கொட்டியது.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பதறிப்போனார். "இன்னா மேடம், வாந்தி வருதா? ஓரங்கட்டட்டுமா?"

"இல்லைங்க" என்றேன். "நாறுது."